மீந்த சோற்றையும் குழம்பையும் இரவில் சூடு பண்ணிச் சாப்பிடலாமா?

கேள்வி இது: வீட்டில் கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். காலை ஏழு மணிக்குள் சோறு, சாம்பார், பொரியல் எல்லாம் முடிந்துவிடும். அதிலிருந்து மதியத்துக்கு டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். மிச்சம் அடுப்பு மேடையிலேயே மூடி இருக்கும். இரவு எட்டரைக்கு அதையே சூடு பண்ணிச் சாப்பிடுகிறார்கள். ஃப்ரிட்ஜில் வைத்த சோறு விஷம் என்கிறார் மாமியார். நன்றாகக் கொதிக்க வைத்தால் எந்தக் கிருமியும் செத்துவிடும், கெட்டுப்போயிருந்தால் மோந்து பார்த்தாலே தெரியும் என்கிறார் கணவர். யார் சொல்வது சரி? நம் தாத்தா பாட்டி பழைய சோறு சாப்பிட்டே வாழ்ந்தார்களே, அது மட்டும் எப்படி?

முதலில் நேரான பதில். காலையில் வடித்த சோற்றை இரவு வரை வெளியே வைத்துச் சாப்பிடுவதை இன்றோடு நிறுத்துங்கள். சாம்பார், கூட்டு, தேங்காய் போட்ட பொரியல், கறிக்குழம்பு எல்லாவற்றுக்கும் இதே பேச்சுதான். ஃப்ரிட்ஜ் எந்த உணவையும் விஷமாக்குவதில்லை. உள்ளே போவதற்கு முன் அந்த உணவு எத்தனை மணி நேரம் வெளியே கிடந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கணவர் சொல்வதில் பாதி உண்மை உண்டு. ஆனால் நம்பி ஏமாறுவது மற்றப் பாதியில்தான் என்பதால், காரணத்தை விளக்கமாகவே சொல்கிறேன். காரணம் புரிந்துவிட்டால், எதை எவ்வளவு நேரம் வைக்கலாம் என்று ஒவ்வொரு தடவையும் யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

உணவில் வளரும் நுண்ணுயிர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்துப் பாருங்கள். ஒரு கூட்டம் உணவைக் கெடுக்கும். சாம்பார் நுரைத்துப்போவது, சோறு ஊசிப்போய் நூல் விடுவது, கூட்டில் புளித்த வாடை வருவது எல்லாம் இவற்றின் வேலை. இன்னொரு கூட்டம் சாப்பிட்டவரை நோயில் தள்ளும். இந்த இரண்டாவது கூட்டம் பெரும்பாலும் மணத்தையோ நிறத்தையோ ருசியையோ மாற்றுவதில்லை. கமகமவென்று இருக்கும் பிரியாணியிலும் அது இருக்கலாம். மூக்கு சொல்வது முதல் கூட்டத்தைப் பற்றி மட்டும்தான். வாடை அடித்தால் கொட்டிவிட வேண்டும், அதில் சந்தேகமில்லை. வாடை அடிக்கவில்லை என்பதால் பயமில்லை என்று ஆகிவிடாது.

சோற்றுக்கென்றே ஒரு கிருமி உண்டு. அதன் பெயர் பேசில்லஸ் சீரியஸ். மண்ணில் வாழ்வது. வயலிலிருந்தே நெல்லோடு வந்துவிடும். அரிசியை நாலு தண்ணீரில் களைந்தாலும் முழுக்கப் போகாது. சூழ்நிலை சரியில்லாதபோது இது ஸ்போர் என்ற தடித்த உறைக்குள் போய் உறங்கிவிடும். அந்த நிலையில் கொதிக்கும் தண்ணீரும் அதைக் கொல்லாது. சோறு வேகும்போது மற்ற கிருமிகள் பெரும்பாலும் செத்துவிடும், இது தப்பிக்கும். அந்தச் சூடே அதைத் தட்டி எழுப்பவும் செய்யும். சோறு ஆறி வெதுவெதுப்பாக வரும்போது ஸ்போர் முளைத்துப் பெருகும். போட்டிக்கு வேறு கிருமியும் அங்கே இல்லை. இதன் சில வகைகள் பெருகும்போது சோற்றுக்குள்ளேயே செரியூலைடு என்ற நச்சை விட்டுவைக்கின்றன. இந்த நச்சு வெப்பத்துக்கு அசையாதது. பிரஷர் குக்கர் எட்டும் 120 டிகிரி செல்சியஸிலும் அழியாது. இரவில் சோற்றை ஆவி பறக்கச் சூடு பண்ணும்போது கிருமி சாகிறது, அது விட்டுப்போன நச்சு அப்படியே இருக்கிறது. கணவர் சொன்னதில் விடுபட்டுப்போன பாதி இதுதான்.

இது வெளியே தெரியவந்த கதையையும் சொல்ல வேண்டும். 1970களின் தொடக்கத்தில் பிரிட்டனில் சீன உணவகங்களில் ஃப்ரைடு ரைஸ் சாப்பிட்டவர்கள் சில மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்த சம்பவங்கள் அடுத்தடுத்து வந்தன. மொத்தமாக வேகவைத்த சோற்றை ஃப்ரிட்ஜில் வைத்தால் கட்டி பிடிக்கும் என்று வெளியிலேயே வைத்திருந்து, ஆர்டர் வரும்போது வாணலியில் புரட்டிக் கொடுத்திருக்கிறார்கள். பெரும் தீயில் வதக்கியும் பலனில்லை. பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் 2008-இல் 20 வயது மாணவர் ஒருவர், ஐந்து நாள் வெளியே கிடந்த ஸ்பகெட்டியை (நூடுல்ஸ் போன்ற உணவு) சூடு பண்ணிச் சாப்பிட்டார். மறுநாள் காலை அவர் உயிரோடு இல்லை. மருத்துவ இதழில் பதிவான சம்பவம் இது. உயிர் போகும் அளவுக்கு ஆவது மிகவும் அபூர்வம். பெரும்பாலானவர்களுக்கு அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் குமட்டல், வாந்தி வந்து ஒரு நாளில் அடங்கிவிடும். "நேத்து என்னமோ பித்தம் தூக்கிடுச்சு" என்று நாமும் விட்டுவிடுவோம். இத்தனை நாள் இப்படிச் சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லையே என்று பலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனபோதும் அதைச் சோற்றோடு சேர்த்து யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

சூட்டுக்கு அடங்காத நச்சு விடுவதில் இன்னொன்று ஸ்டெஃபிலோகாக்கஸ். இது வயலிலிருந்து வருவதில்லை, நம் மூக்கிலும் தோலிலும் விரலில் உள்ள சிறு புண்ணிலும் இருக்கிறது. கையால் பிசைந்த சாதத்தின் மீதியை எடுத்து வைப்பது, குழந்தைக்கு ஊட்டியது போக மிஞ்சியதை மூடி வைப்பது, சாப்பிட்ட கரண்டியையே குழம்புச் சட்டியில் விடுவது எல்லாம் இதற்கு வழி திறந்துவிடும். எச்சில் படக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் கறாராக இருந்தது எவ்வளவு சரியான பழக்கம் என்று இந்தத் துறைக்கு வந்த பிறகு நான் பலமுறை நினைத்ததுண்டு.

மூன்றாவது, கறிக்குழம்பு, பிரியாணி போன்ற பெரிய பாத்திரச் சமையலில் வருவது. கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ் என்பது அதன் பெயர். காற்றில்லாத இடத்தில் செழிக்கும். அண்டாவின் நடுப்பகுதி அப்படிப்பட்ட இடம். 45 டிகிரி அளவில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகக்கூடியது. கல்யாண வீட்டில் மீந்த பிரியாணியை அண்டாவோடு மூடி வைத்து மறுநாள் தெரு முழுக்கக் கொடுப்பார்கள். அன்று இரவே பல வீடுகளில் வயிற்றுப்போக்கு என்றால் இதைச் சந்தேகிக்கலாம். இந்தக் கிருமி நம் வயிற்றுக்குள் போய்த்தான் நச்சை விடும் என்பதால், நன்றாகக் கொதிக்க வைத்தால் தப்பிக்க வழியுண்டு. கணவர் சொன்னது இந்த இடத்தில் பொருந்தும்.

ஆக, சூடு பண்ணுவது சில ஆபத்துகளை நீக்கும், சிலவற்றைத் தொடவே செய்யாது. உங்கள் தட்டில் இருப்பது எது என்று பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் கிருமி பெருகவே இடம் கொடுக்காமல் இருப்பதுதான் நம்பிக்கையான வழி. அதற்கு நேரமும் வெப்பமும் தெரிந்தால் போதும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பம் கிருமிகளுக்கு உகந்தது. சமைத்த உணவு இந்த இடைவெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலகெங்கும் பின்பற்றும் விதி. சுற்றுப்புறமே 32 டிகிரிக்கு மேல் இருந்தால் ஒரு மணி நேரம்தான். சித்திரை, வைகாசியில் சென்னையிலோ வேலூரிலோ பூட்டிய வீட்டுச் சமையலறை எவ்வளவு சூடாக இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒரு கிருமி அரை மணிக்கு ஒரு முறை இரட்டித்தால் ஐந்து மணி நேரத்தில் ஒன்று ஆயிரமாகும், பத்து மணி நேரத்தில் பத்து லட்சமாகும். உங்கள் வீட்டில் சோறு வெளியே இருப்பது காலை ஏழிலிருந்து இரவு எட்டரை வரை, பதின்மூன்றரை மணி நேரம்.

பூட்டிய வீட்டில் சமையலறை மேடையைவிட மோசமான இடம் ஒன்று இருக்கிறது: மூடிய பிரஷர் குக்கருக்குள் விட்ட சோறு. அது சீக்கிரம் ஆறாது. வெதுவெதுப்பாகவே பல மணி நேரம் கிடக்கும். பேசில்லஸுக்கு அதைவிட வசதியான இடம் வீட்டில் வேறில்லை. எலெக்ட்ரிக் ரைஸ் குக்கரின் சூடு காக்கும் நிலை வேறு விஷயம். அது 60 டிகிரிக்கு மேல் வைத்திருக்கும் குக்கராக இருந்தால் சில மணி நேரம் பயமில்லை. கரண்ட் மிச்சம் என்று அணைத்துவிட்டு மூடியோடு விட்டுவிட்டால் அதுவும் பிரஷர் குக்கர் கதைதான்.

இனி என்ன செய்யலாம்? இரவுக்கான பங்கைச் சமைத்த கையோடு பிரித்துவிடுங்கள். சாப்பிட்டு மிஞ்சினால் எடுத்து வைக்கலாம் என்று விட்டால் காலை அவசரத்தில் அது நடக்காது. புளியோதரைக்குச் சோற்றைத் தாம்பாளத்தில் கொட்டி, பரப்பி, விசிறுவோமே, அதே முறைதான். அகலமான தட்டில் சோற்றைப் பரப்பி மின்விசிறிக்குக் கீழே வைத்தால் நீங்கள் குளித்துக் கிளம்புவதற்குள் ஆறிவிடும். தட்டையான டப்பாவில், இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம். சாம்பாரைச் சின்னப் பாத்திரத்துக்கு மாற்றி, தண்ணீர் ஊற்றிய பெரிய பாத்திரத்துக்குள் வைத்து இரண்டு மூன்று முறை கிளறிவிட்டால் சூடு சட்டென்று இறங்கும். முழுக்கக் குளிர்ந்த பிறகுதான் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆவி அடங்கி, லேசான சூடு இருக்கும்போதே சின்ன டப்பாவாக உள்ளே வைத்துவிடலாம், ஃப்ரிட்ஜுக்கு ஒன்றும் ஆகாது. கொதிக்கக் கொதிக்க ஒரு பெரிய சட்டியைத் தூக்கி உள்ளே வைப்பதுதான் தப்பு. அதன் நடுப்பகுதி ஆற வெகுநேரமாகும், பக்கத்தில் இருக்கும் பாலும் தயிரும்கூடச் சூடேறும்.

ஃப்ரிட்ஜைப் பற்றி ஒரு வார்த்தை. அது கிருமியைக் கொல்வதில்லை, பெருகும் வேகத்தைத்தான் வெகுவாகக் குறைக்கிறது. உள்ளே 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். பல ஃப்ரிட்ஜ்களில் திருகும் டயலில் இருக்கும் 1, 2, 3 என்ற எண்கள் டிகிரி அல்ல. எண் கூடக் கூடக் குளிர்ச்சி கூடும். பலரும் 1-இல் வைத்துவிட்டு 1 டிகிரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் வெப்பமானி வாங்கி உள்ளே போட்டுவைத்தால் சந்தேகமே வராது. கதவுத் தட்டுதான் அடிக்கடி சூடேறும் இடம் என்பதால் பாலை அங்கே வைக்காதீர்கள். சமைக்காத கறி, மீன் எல்லாம் கசியாத டப்பாவில் கீழ்த்தட்டில் இருக்கட்டும், சமைத்தது மூடி போட்டு மேல்தட்டில். கரண்ட் போனால் கதவைத் திறக்காமல் இருந்தால் நாலு மணி நேரம் குளிர்ச்சி தாங்கும். அதற்கு மேல் போய்விட்டால் சமைத்த உணவையும் பாலையும் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

எத்தனை நாள் வைக்கலாம் என்றால், சோறு மறுநாள் வரைக்கும்தான். பிரிட்டன் அரசின் அறிவுரையும் சோற்றுக்கு ஒரு நாள் என்றுதான் சொல்கிறது. சாம்பார், கூட்டு, பொரியல், கறி எல்லாம் சரியாகக் குளிர்ந்த ஃப்ரிட்ஜில் மூன்று நாலு நாள் தாங்கும் என்பது அமெரிக்கக் கணக்கு. நம் வீடுகளில் கதவு ஓயாமல் திறக்கும், கரண்டும் போய்வரும். அதனால் நான் இரண்டு நாளோடு நிறுத்தச் சொல்வேன். தேங்காய்ச் சட்னி அன்றைக்கே. இட்லி மாவு புளித்தது என்பதால் அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது, நாலைந்து நாள் வைக்கலாம்.

எடுக்கும்போது வேண்டியதை மட்டும் எடுத்துச் சூடு பண்ணுங்கள். குழம்பு என்றால் ஓரத்தில் கொப்புளம் வந்தால் போதாது, நடுவிலும் தளதளவென்று கொதிக்க வேண்டும். சோற்றின் மேல் தண்ணீர் தெளித்து மூடி ஆவியில் வைத்தால் உள்ளே வரைக்கும் சூடேறும். மைக்ரோவேவில் ஒரு பக்கம் கொதிக்கும், இன்னொரு பக்கம் சில்லென்று இருக்கும். பாதியில் எடுத்துக் கிளறி மறுபடி வையுங்கள். ஒருமுறை சூடு பண்ணியதை மறுபடி எடுத்து வைக்க வேண்டாம். முழுச் சட்டியையும் சூடு பண்ணி, கொஞ்சம் ஊற்றிக்கொண்டு, மீதியை மறுபடி உள்ளே வைப்பதை மூன்று நாள் செய்தால், அந்தக் குழம்பு ஒவ்வொரு தடவையும் 60-க்கும் 5-க்கும் இடையே ஒரு நடை போய் வருகிறது.

இப்போது தாத்தா பாட்டி கேள்விக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில் நம் சமையல், எதை வைத்துச் சாப்பிடலாம், எதை உடனே முடிக்க வேண்டும் என்று தெளிவாகப் பிரித்து வைத்திருந்தது. பயணத்துக்குக் கட்டியது புளியோதரை. ஏன் சாம்பார் சாதம் இல்லை? புளியின் அமிலம், உப்பு, தண்ணீர் வற்றிய புளிக்காய்ச்சல், மேலே நல்லெண்ணெய்: இத்தனையும் சேர்ந்த இடத்தில் கிருமிக்குப் பெருகுவது கடினம். அமிலத்தை அளக்கும் பி.எச். அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6-க்குக் கீழே போனால் ஆபத்தான கிருமிகளில் பல வளர முடியாது. கெட்டியாகப் புளி கரைத்து, எண்ணெய் பிரியும் வரை சுண்டவைத்த வற்றல் குழம்பு, ஊறுகாய், தொக்கு எல்லாம் இந்த எல்லைக்குள் வருபவை. மீன் குழம்பு மறுநாள்தான் ருசி என்று சொல்ல முடிவதும் அதன் புளியால்தான். அதே குழம்பில் தேங்காய் அரைத்து ஊற்றி, புளியைக் குறைத்துவிட்டால் அந்தப் பாதுகாப்பும் குறைந்துவிடும். தேங்காய், பருப்பு, பால் சேர்ந்தவை அன்றைக்கே தீர வேண்டியவை என்பது நம் அம்மாக்களுக்கு யாரும் சொல்லித் தராமலே தெரியும். இப்போது புளியைக் குறைத்து, எண்ணெயைக் குறைத்துச் சமைக்கிறோம். உடம்புக்கு அது நல்லது. பழைய அளவுகளுக்கு இருந்த தாங்கும் சக்தி இந்தச் சமையலுக்குக் கிடையாது என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம்.

பழைய சோறும் இந்த அறிவில் வந்ததுதான். பகலெல்லாம் வயலில் வேலை செய்து வந்த வீடுகளில் உலை வைப்பது மாலையில். இரவு சாப்பிட்டு மிஞ்சிய சோற்றில் உடனே தண்ணீர் ஊற்றிவிடுவார்கள். தண்ணீர் பட்டதும் சோறு வேகமாகக் குளிர்கிறது. பிறகு லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் அதில் வளர்ந்து, விடிவதற்குள் தண்ணீரைப் புளிக்க வைக்கின்றன. புளிப்பு ஏற ஏற மற்ற கிருமிகள் ஒடுங்குகின்றன. தயிர் உறைவதும் இட்லி மாவு பொங்குவதும் இதே வகையான வேலைதான். ஒடிசாவில் பகாளா, வங்கத்தில் பாந்தா பாத் என்று அரிசி உண்ணும் பல ஊர்களில் இந்த உணவு உண்டு. ஆனால் காலையில் வடித்து, பகல் முழுக்க வெயிலில் வெந்த வீட்டுக்குள் கிடந்த சோற்றில் இரவு தண்ணீர் ஊற்றினால் அது பாதுகாப்பான பழைய சோறு ஆகாது. நச்சு அதற்கு முன்பே ஊறியிருக்கலாம், தண்ணீர் அதை எடுத்துவிடாது. இரவு வடித்த சோறு, ஆறிய உடனே குடிக்கிற தண்ணீர், கழுவிக் காயவைத்த மண்சட்டி அல்லது எவர்சில்வர் பாத்திரம், மறுநாள் காலையிலேயே சாப்பிட்டு முடிப்பது: இப்படியானால் தாராளமாகச் சாப்பிடுங்கள். கொழகொழப்போ அழுகல் வாடையோ இருந்தால் கொட்டிவிடுங்கள். தொட்டுக்கொள்ள ஊறுகாயையும் மோர் மிளகாயையும் விட்டுச் சின்ன வெங்காயத்துக்கு மாறினால் இன்னும் நல்லது. நாளுக்கு 5 கிராம் உப்புக்குள் நிற்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு பெரிய மாங்காய்த் துண்டு ஊறுகாயே அதில் கணிசமான பங்கைத் தின்றுவிடும்.

ஆறிய சோற்றில் சர்க்கரை ஏறாது என்று ஒரு பேச்சு பரவியிருக்கிறது. சோறு குளிரும்போது மாவுச்சத்தில் ஒரு சிறு பகுதி எளிதில் செரிக்காத வடிவத்துக்கு மாறுவது உண்மை. அது சிறிய மாற்றம்தான். சர்க்கரை நோயாளி அதை நம்பி இன்னொரு கரண்டி போட்டுக்கொள்ளக் கூடாது.

டிபன் பாக்ஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஏழு மணிக்குக் கட்டி ஒரு மணிக்குத் திறப்பதும் ஆறு மணி நேரம்தான். வெதுவெதுப்பாகக் கட்டுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். நல்ல வெற்றிட ஃபிளாஸ்க் வகை டப்பாவாக இருந்தால், முதலில் கொதிநீர் ஊற்றிக் கொஞ்ச நேரம் வைத்துக் கொட்டிவிட்டு, ஆவி பறக்க நிரப்புங்கள். மதியம் திறக்கும்போது கை சுடும் அளவுக்கு இருக்க வேண்டும். அப்படி இல்லாத சாதாரண டப்பா என்றால் எலுமிச்சை சாதம், புளியோதரை, தக்காளித் தொக்கோடு சப்பாத்தி போன்றவை பொருத்தம். தயிர் சாதத்துக்குக் காய்ச்சி ஆறிய பாலில் தயிரைக் கலந்து பிசைந்தால் மதியத்துக்குள் இன்னும் புளித்துக்கொள்ளும். கரண்டியால் பிசையுங்கள், கை வேண்டாம். அலுவலகத்தில் ஃப்ரிட்ஜும் மைக்ரோவேவும் இருந்தால், போனதும் டப்பாவை உள்ளே வைத்துவிடுவதே நல்லது.

கீரையை மறுநாள் சாப்பிட்டால் விஷம் என்பதில் ஒரு துளி உண்மை உண்டு. கீரையில் நைட்ரேட் என்ற உப்பு அதிகம். வெளியே கிடந்து பாக்டீரியா பெருகினால் அது உடம்புக்கு ஆகாத நைட்ரைட்டாக மாறும். உடனே ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் சாப்பிடும் பெரியவருக்கு அதில் பயப்பட ஒன்றுமில்லை. கைக்குழந்தைக்கு மட்டும் அன்றைக்குக் கடைந்ததைக் கொடுங்கள்.

மீனில் எச்சரிக்கை சமைப்பதற்கு முன்பே தேவை. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் உருவாகும். இதையும் எந்தக் கொதியும் அழிக்காது. சாப்பிட்ட சிறிது நேரத்திலேயே முகம் சிவந்து, அரித்து, தலை வலிக்கும். மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து ஆயுசுக்கும் மீனை விட்டவர்கள் இருக்கிறார்கள். தப்பு மீன் வைத்திருந்த விதத்தில் இருந்திருக்கலாம். கடைக்காரர் ஐஸில் புதைத்து வைத்திருக்கிறாரா என்று பார்த்து வாங்குங்கள், வாங்கிய பிறகு வேறு கடைக்கு அலையாமல் நேரே வீட்டுக்கு வாருங்கள். கோழிக்கறியைக் குழாயடியில் பீய்ச்சிக் கழுவுவதையும் குறைத்துக்கொள்ளுங்கள். தெறிக்கும் தண்ணீர் சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர் என்ற நோய்க்கிருமிகளைத் தொட்டி, கத்தி, பக்கத்துத் தக்காளி எல்லாவற்றிலும் கொண்டுபோய் வைக்கும். அவற்றைக் கொல்வது வேகவைக்கும் சூடுதான்.

உங்கள் மாமியாருக்கு ஒன்று சொல்லலாம். புதிதாகச் சமைத்ததற்கு ஈடில்லை என்று அவர் நினைப்பதில் எனக்கும் உடன்பாடுதான். சூடு பண்ணும்போது வைட்டமின் சி கொஞ்சம் குறையும், ருசியும் குறையும். ஆனால் வேலைக்குப் போகும் ஒரு பெண் மூன்று வேளையும் புதிதாகச் சமைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், இரண்டாவது வாரத்தில் அந்த வீட்டில் இரவுச் சாப்பாடு கடைப் பரோட்டாவாகிவிடும். சரியாக ஆறவைத்து எடுத்து வைத்த கூட்டும் பொரியலும் அதைவிடப் பல மடங்கு நல்லது. ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறியும் பழமும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. மேடாகக் குவித்த சோறும் ஒரு கரண்டிப் பொரியலுமாகச் சாப்பிடும் தட்டு அதன் பக்கத்தில்கூட வராது. ஞாயிற்றுக்கிழமை பீன்ஸ், கோஸ், கேரட் நறுக்கி, பயறு ஊறவைத்து முளைகட்டி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால் வார நாட்களில் பொரியலின் அளவை இரட்டிப்பாக்குவது சிரமமாக இராது. காலையில் குழம்பும் பொரியலும் மட்டும் எடுத்து வைத்து, இரவுக்கு ஒரு டம்ளர் அரிசி புதிதாக வைத்துக்கொள்வது இன்னும் எளிது. இருபது நிமிட வேலை. சோற்றைப் பற்றிய கவலை முழுக்கத் தீர்ந்துவிடும். உங்கள் வீட்டுக்கு நான் சொல்லும் முதல் யோசனையும் இதுதான்.

வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ, வயதானவரோ, சர்க்கரை நோயாளியோ, புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவரோ இருந்தால் மேலே சொன்ன நேரங்களில் சலுகையே வேண்டாம். சந்தேகம் வந்த உணவைப் பூனைக்குட்டிக்குப் போடுவதுகூடச் சரியல்ல.

யாருக்காவது வாந்தி, வயிற்றுப்போக்கு வந்துவிட்டால் நீர்ச்சத்து இறங்காமல் பார்ப்பதுதான் முதல் வேலை. மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் சொன்ன அளவு தண்ணீரில் கரைத்து, வாய் வாயாகக் கொடுங்கள். அது கைவசம் இல்லையென்றால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டிய அளவு. உப்பு கூடிவிடக் கூடாது. பசித்தால் கஞ்சி, இட்லி கொடுக்கலாம், பட்டினி போட வேண்டியதில்லை. வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், குடித்த தண்ணீரும் நிற்காத வாந்தி, பல மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருப்பது, குழந்தை துவண்டு கிடப்பது, கண் மஞ்சளாவது: இவற்றில் எது தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். என்ன சாப்பிட்டார், எப்போது சாப்பிட்டார், அது சமைத்து எத்தனை மணி நேரமாகியிருந்தது என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.